முதல் நாள் இறப்பு

எங்கள் பரிசோதனைக்கூடத்தில் மீன் சாவதற்கு ஒரு முறை இருந்தது. மருந்து கலந்த தொட்டியில் விட்ட முதல் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் செத்த மீன், செத்த மீன் ஆகாது. அதை அள்ளி வெளியே போட்டுவிட்டு, இருப்புத் தொட்டியிலிருந்து அத்தனை மீனை எடுத்து விடவேண்டும். நோட்டில் இருபது என்றே எழுதவேண்டும். இரண்டாம் நாள் காலையிலிருந்துதான் கணக்கு. நான்கு நாள் முடிந்ததும், எந்த அளவில் பாதி மீன் செத்தது என்று பார்த்து, அந்த மருந்தை ஏரியில் அடிக்கலாமா கூடாதா என்று சான்றிதழ் கொடுப்போம்.

விதி என் அப்பா போட்டது. ஒரு தகரக் கொட்டகையில் ஆறு தொட்டிகளோடு அவர் தொடங்கிய காலத்தில் மீன் லாரியில் வரும். பீப்பாய்க்குள் குலுங்கிக் குலுங்கிப் பாதி உயிரோடு வரும். முதல் நாள் செத்ததற்கு மருந்து காரணமா லாரி காரணமா என்று யாரால் சொல்ல முடியும்? அப்பா செய்தது நியாயம். பிறகு நாங்களே மீன் வளர்க்கத் தொடங்கினோம். பத்தடி தள்ளியிருக்கும் தொட்டியிலிருந்து வலையில் எடுத்து விடுகிறோம். லாரி நின்று இருபத்தொன்பது வருடம் ஆகிறது. விதி நிற்கவில்லை. அப்பா சொன்னதை ஏன் என்று கேட்கிற பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. எனக்கும் கிடையாது.

எங்கள் கையெழுத்துள்ள அறிக்கையை, மருந்துகளுக்கு அனுமதி கொடுக்கும் வாரியத்தில் யாரும் இரண்டாம் முறை சோதிக்கச் சொன்னதில்லை. அப்பா சேர்த்துவைத்தது அதுதான். கட்டடமும் கருவிகளும் நான் சேர்த்தவை.

என் மருமகள் கணினி படித்தவள். அவளை என் மகன் கூட்டிவந்து நிறுத்தியபோது, எங்கள் கூடத்தில் அவளுக்கு என்ன வேலை இருக்கப்போகிறது என்று நினைத்தேன். இரண்டு வருடத்தில் அவள் நான் வியக்கும்படி ஒன்றைச் செய்தாள். அப்பா காலத்திலிருந்து இருந்த நோட்டுகள் அத்தனையையும், நானூற்றுச் சொச்சம் சோதனைகளை, ஒன்றுவிடாமல் கணினியில் ஏற்றினாள். இனி ஒரு புது மருந்தின் வேதிக் கட்டமைப்பைக் கொடுத்தால் போதும். பழைய சோதனைகளோடு ஒப்பிட்டு, மீனை எந்த அளவில் கொல்லும் என்று அது சொல்லிவிடும். அந்த எண்ணிலிருந்து கணக்குப் போட்டு, தொட்டியில் வைத்துச் சோதிக்க முடியாத உயிர்களுக்கும் சொல்லும். தவளை, நாரை, நீர்நாய் என்று இருபத்தாறு உயிர்கள். வாரியம் அசந்துபோனது. ஒரு மருந்துக்கு நூறு மீனைக் கொல்லும் வேலை மிச்சம்.

வேலையில் அவள் மகா அழுத்தக்காரி. ஆறாம் மாதத்தில் வயிற்றுப்பிள்ளை தவறிப்போனபோதுகூட மூன்றாவது வாரமே மேஜைக்கு வந்துவிட்டாள். "ரெஸ்ட் எடும்மா" என்றதற்கு, "படுத்திருந்தா மட்டும் திரும்பி வந்துடுமா மாமா?" என்றாள். இப்படியல்லவா இருக்கவேண்டும் எங்கள் வீட்டுப் பெண் என்று நான் நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன்.

வாரியம் ஒரு நேரடிச் சோதனை கேட்டது. புதிதாக வந்திருந்த பாசிக்கொல்லி ஒன்று. அடித்த ஒரே நாளில் தண்ணீரிலேயே சிதைந்து மறைந்துவிடும் என்பதுதான் அதன் விசேஷம். கணினி சொல்லும் எண்ணை உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும். பிறகு நாங்கள் தொட்டியில் சோதிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வாரியத்துக் குழு வந்து உறையைப் பிரிக்கும். இரண்டும் ஒத்துப்போனால், இனி கணினி சொன்னதே போதும் என்று கையெழுத்துப் போடுவார்கள். பாசிக்கொல்லியும் ஏரிக்குப் போகும்.

திங்கட்கிழமை காலை மீனை விட்டோம். ஐந்து தொட்டி, தொட்டிக்கு இருபது மீன். லிட்டருக்கு ஐந்து மில்லிகிராமில் தொடங்கி எண்பது வரை.

செவ்வாய் காலை ஏழரைக்கு மருமகள் என் அறைக்குள் வந்தாள். கதவைத் தட்டவில்லை.

"மாமா, அஞ்சு மில்லி தொட்டியில பதினாலு செத்துக் கிடக்கு. மத்த நாலு தொட்டியில ஒண்ணுகூட மிச்சமில்ல. எல்லாம் வெள்ளை வயிறு. சல்லடை அண்ணன் கூடையில அள்ளிட்டுப் புதுசு விட்டுட்டிருக்கார்!"

சல்லடை எங்கள் தொட்டிக்காரன். செத்த மீனை அவன் அள்ளுகிற சல்லடையே அவனுக்குப் பெயராகிவிட்டது. இருபத்தாறு வருட ஆள்.

"அவன் வேலை அதுதானே. உனக்கு ஏழு மணிக்குத் தொட்டி ரூம்ல என்ன வேலை?"

"தண்ணி சூடு கம்ப்யூட்டர்ல தப்பாக் காட்டுச்சு. பாக்கப் போனேன்." நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மூணு மாசமாத் தேடிட்டிருந்தேன் மாமா. வெளியூர்க் கூடங்களோட எண்ணை வெச்சுப் பாத்தா, சில மருந்துக்கு மட்டும் நம்ம எண் எட்டு மடங்கு பத்து மடங்கு தள்ளி நிக்குது. எல்லாமே சீக்கிரம் கொன்னுட்டுச் சீக்கிரம் சிதையற மருந்து. இன்னிக்குத்தான் புரிஞ்சுது. அது கொல்றதே முதல் நாள். முதல் நாள் நம்ம நோட்டுல இல்ல. ரெண்டாம் நாள் புதுசா விட்ட மீன், மருந்து செத்த தண்ணியில ஜாலியா நீந்துது."

"சரி."

"சரியா? என் மெஷின் படிச்சது பூரா அந்த நோட்டு மாமா. வெள்ளிக்கிழமை உறையைப் பிரிச்சா ரெண்டு எண்ணும் அச்சு அசலா ஒத்துப்போகும். ரெண்டுக்கும் ஒரே கண்ணு குருடு. எல்லாரும் கை தட்டுவாங்க. அப்புறம் அந்த எண்ணுல பத்துல ஒரு பங்கு ஆபத்தில்லன்னு ஏரியில லிட்டருக்கு நாலு மில்லி அடிப்பாங்க."

"யாரு குருடு? எங்கப்பாவா?"

நாற்காலியிலிருந்து கையை எடுத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "தாத்தாவை நான் குறை சொல்லல. லாரி நின்னப்பவே யாராவது விதியையும் நிறுத்தியிருக்கணும். அவ்வளவுதான். இன்னும் பதினோரு மருந்து இருக்கு மாமா, இதே மாதிரி. சான்றிதழை எல்லாம் நாமளே திரும்ப வாங்கிடலாம். நாமளே சொன்னா மரியாதையா இருக்கும்."

நாமே சொன்னால் மரியாதை என்று எனக்கே மரியாதை சொல்லிக்கொடுத்தாள். பதினோரு சான்றிதழைத் திரும்ப வாங்கினால் மறுநாள் ஊரெல்லாம் என்ன பேசுவார்கள்? லாரியைப் பற்றி யார் விசாரிப்பார்கள்? செத்த மீனை ஒளித்துவைத்துப் பிழைத்த குடும்பம் என்பார்கள். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய பெயர் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் என் பொறுப்பில்.

"வெள்ளிக்கிழமை நீ வாயைத் திறக்கக் கூடாது" என்றேன்.

"திறப்பேன் மாமா."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள், குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல.

மகனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டே கேட்டான். "அவ சொல்றது தப்பாப்பா?" என்றான்.

"அதைக் கேக்கவா உன்னைக் கூப்பிட்டேன்?"

"இல்லப்பா."

வெள்ளிக்கிழமை குழு வந்தது. மூன்று பேர். இருவர் தலையாட்டப் பிறந்தவர்கள். தலைவி மட்டும் வேறு மாதிரி. ஐம்பது வயது, கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். எதையும் இரண்டு முறை படிப்பார். உறையைப் பிரித்தார். கணினி சொன்னது நாற்பது. தொட்டி சொன்னது நாற்பத்தொன்று.

"மாமனாரும் மருமகளும் பேசி வெச்ச மாதிரி இருக்கே சார்!" என்று ஒருவர் சிரித்தார். மற்றவர் கை தட்டினார்.

மருமகள் எழுந்தாள். செவ்வாய்க்கிழமை என்னிடம் சொன்னதை அப்படியே அவர்களிடமும் சொன்னாள். கைப்பேசியில் படம் எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. அள்ளிய மீனையாவது எடுத்துவைத்திருக்கலாம், அதுவும் செய்யவில்லை. சொன்னால் நம்புவார்கள் என்று நினைத்திருந்தாள். தலைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"முதல் நாள் இறப்பை நீங்க எண்ணறதில்லையா?"

"வந்து சேர்ந்த அலுப்புல ஒண்ணு ரெண்டு போகும் மேடம். அது எல்லா இடத்துலயும் உண்டு. தொண்ணூத்து நாலுன்னு சொல்றது…" நான் நிறுத்தினேன். மருமகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன சொல்லப்போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எனக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும்.

"சொல்லக் கூடாது, வீட்டு விஷயம். எட்டு மாசம் முன்னாடி இவளுக்குக் குழந்தை தவறிப்போச்சு மேடம். அதுலேர்ந்து இவ கண்ணுக்குச் சாவு மட்டும்தான் தெரியுது. நாங்களும் வெளியில சொல்லாம வெச்சிருந்தோம்."

மருமகளின் வாய் கொஞ்சம் திறந்தபடி நின்றது. புருஷனைப் பார்த்தாள்.

தலைவியும் அவனைத்தான் பார்த்தார். "உண்மையா தம்பி?"

மகன் முதலில் என்னைப் பார்த்தான். பிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "தூங்கறதில்ல மேடம். எதையாவது எண்ணிக்கிட்டே இருக்கா."

சல்லடையைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். வாசற்படியைத் தாண்டாமல் நின்றான். "செவ்வாய்க்கிழமை எத்தனை மீன்பா செத்துச்சு?"

"நோட்டுல எழுதியிருக்குதும்மா."

"நோட்டு இருக்கட்டும். நீ எத்தனை அள்ளின?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்தான். "எண்ணி அள்ளற வழக்கம் இல்லீங்கம்மா" என்றான். பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. என் சாப்பாட்டில் வளர்ந்த நாக்கு.

இருந்தும் தலைவி கையெழுத்துப் போடவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "எதுக்கு மனஸ்தாபம்? அஞ்சு மில்லி தொட்டி ஒண்ணை மட்டும் என் முன்னாடி மறுபடி போடுங்க. நானே சீல் வைக்கறேன். நாளைக்குக் காலையில பாப்போம். அந்தம்மா மனசும் ஆறும்" என்றார்.

"அதுதான் சரி" என்றேன்.

மருமகளின் முகத்தில் ரத்தம் திரும்பியது. இத்தனை சொன்ன பிறகும், மீன் தன் பக்கம் நிற்கும் என்ற நம்பிக்கை.

மருந்துக் கரைசலைத் தயாரிக்க அரை மணி நேரம் ஆகும். அதுவரை குழுவை என் அறையில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தேன். கை கழுவுகிற சாக்கில் வெளியே வந்தேன். எடை போடும் அறையில் மகன் தராசின் முன்னால் நின்றிருந்தான்.

"பத்துல ஒண்ணு" என்றேன்.

"அப்பா, அவ பைத்தியமாயிடுவாப்பா."

"ஆனாதான் என்ன? வீட்டோட வெச்சுப் பாத்துக்கலாம். உங்க தாத்தா பேரு போனா எங்க வெச்சுப் பாத்துக்குவ?"

அவன் கரண்டியிலிருந்த தூளைத் திரும்பப் புட்டியில் தட்டினான். முள் இறங்கியது. இன்னும் கொஞ்சம் தட்டினான்.

தலைவியின் கண்ணெதிரே அந்தக் கரைசலைத் தொட்டியில் ஊற்றினோம். இருபது மீனை அவரே எண்ணி விட்டார். மூடிக்கு மேல் காகிதம் ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். சோதித்துப் பார்க்க ஒரு சீசா தண்ணீர் வேண்டும் என்று கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கேட்கவில்லை. எங்கள் வீட்டுப் பெயருக்கு அவ்வளவு மதிப்பு.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு எல்லோரும் தொட்டி அறையில் கூடினோம். மருமகள் குளித்து, தலை வாரி, வந்திருந்த எல்லோருக்கும் முன்னால் நின்றாள். காகிதத்தைக் கிழித்து மூடியை எடுத்தார்கள்.

இருபதும் நீந்திக்கொண்டிருந்தன. ஆள் நிழலைக் கண்டதும் ஒரே கூட்டமாக ஒரு மூலைக்கு ஓடி, திரும்பி வந்தன.

"இந்த மீனுங்க ரொம்பக் கெட்டிக்கார மீனுங்க, பெரியய்யா" என்றான் சல்லடை, என் முதுகுக்குப் பின்னாலிருந்து. நான் திரும்பவில்லை.

மருமகள் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். இருபது. மறுபடி எண்ணினாள். மூன்றாம் முறை எண்ணும்போது பன்னிரண்டில் விரல் நின்றுவிட்டது. மருந்துச் சீட்டைப் படித்தாள். அதே மருந்து. தொட்டியின் எண்ணைப் பார்த்தாள். அதே தொட்டி. விதியில், நோட்டில், கணினியில் எங்கே தப்பு இருந்தாலும் அவள் கண்டுபிடித்துவிடுவாள். புருஷனின் கையில் இருக்கும் என்று அவள் தேடவில்லை.

"அன்னிக்கு நான் பாத்தது என்ன?" என்று அவனிடம் கேட்டாள்.

"வீட்டுக்குப் போலாம் வா" என்றான்.

தலைவி அவள் தோளில் கை வைத்தார். "எனக்கும் ஒண்ணு போச்சும்மா, ரொம்ப வருஷம் முன்னாடி. ஒரு வருஷம் அழுகைச் சத்தம் கேட்டுட்டே இருந்துது. யார்கிட்டயும் சொல்லல. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. லீவு போடு." உண்மையான பரிவோடுதான் சொன்னார். அந்தப் பரிவுதான் அவளை முடித்தது. நான் சொன்னபோதுகூட நேராக நின்றவள், அப்போதுதான் தொய்ந்தாள்.

அத்தனை பேர் முன்னாலும் என்னைப் பார்த்துக் கைகூப்பினாள். "மன்னிச்சிடுங்க மாமா. தாத்தாவைப் போய்…" அதற்கு மேல் வரவில்லை. சல்லடையிடமும் திரும்பி, "நீங்களும் மன்னிச்சிடுங்கண்ணே. உங்க மேல அபாண்டமாச் சொல்லிட்டேன்" என்றாள்.

அவன் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். திங்கட்கிழமை வேலைக்கு வரவில்லை. ஆள் விட்டுக் கேட்டேன். கை நடுங்குகிறது என்று சொல்லியனுப்பினான். அவன் கை நடுங்கி நான் பார்த்ததில்லை.

"பரவாயில்லம்மா" என்று அவளிடம் சொன்னேன். மன்னிப்பை ஏற்றுக்கொள்ள வேண்டியது அங்கே என் கடமையாக இருந்தது. தலைவி கையெழுத்துப் போட்டார்.

அதன்பிறகு மருமகள் கணினிப் பக்கம் போகவில்லை. மகன் அதை இயக்குகிறான். நாரைக்கு எவ்வளவு, நீர்நாய்க்கு எவ்வளவு என்று வாரியம் தினமும் கேட்கிறது, அது சொல்கிறது. வீட்டில் அவள் எல்லாவற்றையும் ஒருவரைக் கேட்டே செய்கிறாள். அடுப்பை அணைத்துவிட்டு, "அணைஞ்சிருக்கான்னு கொஞ்சம் பாருங்களேன்" என்பாள். தட்டுகளை எடுத்துவைத்துவிட்டு, "மூணுதானே மாமா?" என்பாள். புருஷனிடம் அதிகம் கேட்பதில்லை. அவன் பதில் சொல்லாமல் எழுந்து போய்விடுகிறான். என்னிடம்தான் கேட்பாள். நான் ஒவ்வொரு முறையும் போய்ப் பார்த்து, உள்ளதை உள்ளபடி சொல்வேன். மூன்றென்றால் மூன்று. இந்த வீட்டில் அவள் நம்புவது என்னை ஒருவனைத்தான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் அவளை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனோம். மகன் கார் ஓட்டினான். நான் முன்னால், அவள் பின்னால். ஏரிக்கரைச் சாலை வழியாகத்தான் போகவேண்டும். முந்தின நாள் அங்கே மருந்து அடித்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த வழி வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

வளைவில் திரும்பியதும் தண்ணீர் தெரிந்தது. கரை ஓரம் முழுக்க, கண்ணுக்கெட்டிய தூரம்வரை, வெள்ளையாக மிதந்தது. மகன் வேகத்தைக் கூட்டினான். முன்னால் ஒரு தண்ணீர் லாரி ஊர்ந்துகொண்டிருந்ததால் முடியவில்லை.

"மாமா."

"சொல்லும்மா."

"வெள்ளையா மிதக்குதே, அது மீனா?"

மகனின் கை ஸ்டியரிங்கில் இறுகியது. அவன் வாயைத் திறந்துவிடுவான் என்று ஒரு நொடி நினைத்தேன். திறக்கவில்லை.

"பாசிம்மா. மருந்து அடிச்சா வெளுத்து மேல வரும்."

"ம்." கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே வந்தாள். "கரையில நாரை படுத்திருக்கு மாமா. ரெண்டு. அங்க ஒண்ணு. நாரை படுக்குமா?"

"வெயிலுக்குப் படுக்கும்."

"கழுத்து மடங்கியிருக்கே."

"தூங்கும்போது அப்படித்தாம்மா."

கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். சன்னலுக்கு வெளியே விரலை நீட்டி எண்ணத் தொடங்கியிருந்தாள். என் கண்ணைப் பார்த்ததும் விரலை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாத்தம் அடிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். "உங்களுக்கு அடிக்குதா மாமா?"

"இல்லையேம்மா."

"சரி மாமா" என்றாள். மகன் பொத்தானை அழுத்தினான். நான்கு சன்னல்களும் ஒன்றாக ஏறி மூடிக்கொண்டன.